படுக்க விடாதீர்கள் அக்கா

மதுரை
விக்கிரம வருடம், ஐப்பசி 8

அன்புள்ள அக்காவுக்கு,

ராமுத்தாய் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நானும் அவரும் மதுரை வந்து சேர்ந்துவிட்டோம். நீங்களும் செல்வமணியும் சுகமாக இருக்க வேண்டும். மாடுகள் சுகமா என்று அவர் கேட்கச் சொன்னார்.

நீங்கள் வருசநாட்டில் உங்கள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. தேங்காய் பாரத்தோடு குமுளி மலை ஏறிய வண்டி வளைவில் சாய்ந்து, அவர் அடியில் மாட்டிக்கொண்டார். கம்பத்தில் பார்த்த டாக்டர், "இங்கன வச்சுப் பார்க்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. பெண்பிள்ளை ஒருத்தி கூடப் போக வேண்டும் என்றார்கள். நான் ஏறிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. விலா எலும்பும் விரிசல் விட்டிருக்கிறது. காலை ஒரு சட்டத்தில் தூக்கி வைத்து, கயிறு கட்டி, கட்டிலுக்கு அப்பால் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். "கெணத்துக் கவலையில மாட்டைப் பூட்டுற மாதிரி என்னையப் பூட்டிட்டாகளே" என்று அவர் சிரித்தார். எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகுமாம். கூட ஓர் ஆளைத்தான் இருக்க விடுகிறார்கள்.

அவருக்குக் கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது. மலைக்காற்று பட்டதாக இருக்கும். வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
ஐப்பசி 13

ராமுத்தாய்க்கு,

மாயக்காள் சொல்ல, பாண்டியம்மாள் டீச்சர் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். மாடுகளும் சுகம் என்று அவரிடம் சொல். அவர் அங்கே சுகமா இல்லையா என்பதை உன் எழுத்தை நம்பித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பதினெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். ஊர் திரும்பி வந்தால் வாசலில் உடைந்த சக்கரம்தான் கிடக்கிறது. அவர் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆண்பிள்ளை வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் உன்னைக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

அண்ணன் ஒச்சாண்டி வந்திருக்கிறார். வருசநாட்டுப் பக்கம் எலும்பு கட்டுகிற வைத்தியர் இருக்கிறாராம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் தையில் நடந்துவிடலாம் என்கிறார். ஒரு மனுசனை எதற்கு அங்கே தொங்கப் போட்டு வைத்திருக்க வேண்டும்? வீட்டுக்குக் கொண்டு வா. நாற்று நடவுக்கு நிற்கிறது, வாய்க்காலில் நமக்குத் தண்ணீர் முறை வருகிறது. விட்டுவிட்டு என்னால் வர முடியாது.

சளி என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். விலா உடைந்தவருக்குச் சளி பிடித்தால் இரும முடியுமா? மூச்சு எப்படி இருக்கிறது? அதை எழுது.

மாயக்காள்

அம்மா, இது நான் சொந்தமாக எழுதுவது. அவர்கள் சொன்னதில் பாதியை நான் எழுதவில்லை. அந்தப் பாதியைச் சொல்லும்போது அழுதார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு முன்பே ரோட்டுக்கு வந்து நிற்கிறார்கள். — பாண்டியம்மாள்


மதுரை
ஐப்பசி 17

அன்புள்ள அக்காவுக்கு,

ராமுத்தாய் கும்பிட்டு எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீங்கள் வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

கால் நல்ல நிலையில் இருக்கிறது. வீக்கம் வடிகிறது. பெருவிரலை அசைக்கச் சொன்னால் அசைக்கிறார். எலும்பு நேராக நிற்பதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கட்டு வைத்தியரைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். இப்போது அசைக்கக் கூடாது என்றார். ஆகையால் அழைத்துப் போக உங்கள் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
ஐப்பசி 21

ராமுத்தாய்க்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கும் எழுது.

கால், வீக்கம், பெருவிரல், மழை எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது மூச்சு. டீச்சரை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். மூச்சைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீ எழுதாததைப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

கார்த்திகை பிறந்ததும் அண்ணன் மதுரைக்கு வருகிறார். நீ துணியை மூட்டை கட்டி வை. எதற்கு ஊருக்கு என்று நம் வீட்டுக்காரர் கேட்டால், நான் கூப்பிட்டேன் என்று சொல். என்ன ஆனாலும் என் வீட்டில் ஆகட்டும். அங்கே அவருக்கு ஒன்று ஆயிற்றென்றால் நீ இந்த வாசற்படி மிதிக்க வேண்டாம், மயிலாடும்பாறைக்கே, உன் அப்பன் வீட்டுக்கே போய்விடு. டீச்சர் இதை எழுத மாட்டேன் என்றாள். எழுதினால்தான் ஆச்சு என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன்.

மாயக்காள்


மதுரை
கார்த்திகை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ராமுத்தாய் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். பேனா பிடிக்க நேரமில்லை. நேரம் கிடைத்தபோது எழுதத் தைரியமில்லை. இன்று அவருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் செல்வமணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அது சளி இல்லை அக்கா. நிமோனியா. நெஞ்சுக்குள் வலது பக்கம் முழுவதும் கட்டிக்கொண்டது. நீங்கள் கேட்டது சரிதான். விலா வலிக்குப் பயந்து அவர் இருமாமலே கிடந்தார். மூச்சை மேலோடு மேலாக விட்டுக்கொண்டார். நான் முதல் கடிதம் எழுதும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது.

பிறகு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மூச்சு விடும்போது மூக்கு விடைத்தது. நினைவு தப்பி, "ஏலே, மடையை அடைங்கடா, தண்ணி பூராம் போகுது" என்று வார்டே அதிரக் கத்தினார். இங்கே சாராள் என்று ஒரு நர்ஸ் இருக்கிறார், போடி பஜாரில் கடை வைத்திருக்கும் வேதக்காரக் குடும்பம். அவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "காலு உடைஞ்சு வர்றவுக காலால சாகுறது இல்லம்மா. மல்லாக்கப் படுத்தே கெடக்குறதுல நெஞ்சு கட்டிக்கிடும். அதுதான் ஆளைக் கொண்டு போகும். உக்கார வை. இரும வை. கெஞ்சுவாக, விடாதே" என்றார். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, தலையணையை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்து இரும வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைத் திட்டாத வார்த்தை இல்லை. என் கையைக் கடித்தும்விட்டார்.

மாத்திரை ஒன்று சீமையிலிருந்து வருகிறது. அதற்குப் பேர் கிடையாதாம், வெறும் நம்பர்தான் சொல்கிறார்கள். யுத்தத்தால் சரியாகக் கிடைப்பதில்லை. அதைத் தின்றால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. மூன்றாம் நாள் வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த நேரம்தான் உங்கள் கடிதம் வந்தது. வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று எழுதிய கடிதம். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் திறந்து, "அவ என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு படித்தேன். "மருந்தைத் தின்னுட்டு நிமிந்து உக்காருங்க. அடம் பிடிச்சீகன்னா செவலைக் காளையைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போய்த் தள்ளிவிட்டுருவேன். இது மாயக்கா சொல்றது" என்று படித்தேன்.

"அவ செஞ்சாலும் செய்வா" என்றார். வாயைத் திறந்தார்.

உங்கள் பேரில் நான் சொன்ன பொய்க்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் அண்ணனை அனுப்ப வேண்டாம். மலைப்பாம்பு மாதிரி நெளிகிற ரோட்டில் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தால் ஊர் வரை தாங்க மாட்டார். நீங்களே வாருங்கள் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
கார்த்திகை 6

ராமுத்தாய்க்கு,

இங்கே சுகம். புதன்கிழமை ரயிலுக்கு வருகிறேன். நான் வந்ததும் நீ ஊருக்கு வந்து நடவைப் பார். பிள்ளை டீச்சர் வீட்டில் இருப்பாள்.

காளையை விற்பேன் என்று நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்தாயா? கல்யாணமான வருடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நம்பியிருக்கிறார்.

கையைக் கடித்தாரென்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மருந்து போட்டாயா?

மாயக்காள்


காமயகவுண்டன்பட்டி
கார்த்திகை 16

அன்புள்ள அக்காவுக்கு,

ராமுத்தாய் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்களும் அவரும் சுகமாக இருக்க வேண்டும். கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன் குருசாமி படித்துக் காட்டுவார் என்று நம்பி எழுதுகிறேன்.

நடவு முடிந்துவிட்டது. தண்ணீர் முறையில் முத்துக்கருப்பன் வகையறா முந்தப் பார்த்தார்கள். நான் மண்வெட்டியோடு மடையிலேயே நின்றுவிட்டேன். "சின்னவளும் பெரியவ மாதிரியே நிக்கிறாளே" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். செவலை தீனி எடுக்கிறது.

வேலை இருக்கும்வரை தெரியவில்லை அக்கா. வீட்டுக்குள் வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அவரைத் தூக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறேன். செல்வமணி, "யாரைத் தூக்கப் போறீக சித்தி?" என்று கேட்கிறாள். இப்போதுதான் தெரிகிறது, நீங்கள் இங்கே ரோட்டில் நின்று என்ன பாடு பட்டிருப்பீர்களென்று. மூச்சு எப்படி இருக்கிறது? அதை எழுதச் சொல்லுங்கள்.

ராமுத்தாய்


மதுரை
கார்த்திகை 20

தங்கச்சி ராமுத்தாய்க்கு,

மாயக்காள் சொல்ல, குருசாமி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் பிள்ளை சுகத்துக்கும் எழுது.

நடவு முடிந்ததைச் சொன்னேன். சந்தோசப்பட்டார். அண்ணன் ஒச்சாண்டி வந்திருந்தார், நான் சொல்லியும் கேளாமல் மூங்கில் பத்தையோடு வந்து நின்றார். "தங்கச்சி, மாப்பிள்ளையைக் கெளப்பு, வெளிய வண்டி நிக்கிது" என்றார். நான் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "அசைச்சா ஆள் தாங்க மாட்டாக அண்ணே. ஊருக்குப் போங்க" என்றேன். நீ எனக்கு எழுதியதைத்தான் சொன்னேன். மூங்கில் பத்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அப்படி அடங்கிப் போய் நான் பார்த்ததில்லை.

அவர் இப்போது ரொம்பச் சாந்தமாக இருக்கிறார். நீ சொன்ன மாதிரியெல்லாம் சண்டை இல்லை, திட்டு இல்லை. மத்தியானம் அசந்து தூங்குகிறார். சாயங்காலமும் தூங்குகிறார். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இப்போதுதான் உடம்பு இளைப்பாறுகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார். பழைய கதையெல்லாம் பேசுகிறார். சாராளுக்கு இந்த வாரம் பெண்கள் வார்டில் வேலையாம். இரண்டு நாளாகக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான். நீ கவலைப்படாதே.

மாயக்காள்


காமயகவுண்டன்பட்டி
கார்த்திகை 23

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் ஓடவில்லை. மன்னியுங்கள். உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. ரோட்டில் நின்றபடியே படித்தேன்.

அவர் சாந்தமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாந்தமாக இருக்கவே கூடாது அக்கா. சண்டை போடவில்லை என்றால் படுக்க விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். "கொஞ்சம் சளி, அவ்வளவுதான்" என்கிறீர்கள். நானும் உங்களுக்கு அப்படித்தான் எழுதினேன்.

அவர் கெஞ்சியிருப்பார். எனக்குத் தெரியும். "ஒரே ஒரு நாழி படுக்க விடு புள்ள" என்று கண்ணில் தண்ணீரோடு கேட்பார். படுக்க விடாதீர்கள் அக்கா. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் தூக்கி உட்கார வையுங்கள். தலையணையை விலாவில் அழுத்திப் பிடியுங்கள். காளையை விற்பேன் என்று சொல்லுங்கள், வீட்டையே விற்பேன் என்று சொல்லுங்கள். சாராள் எந்த வார்டில் இருந்தாலும் போய்க் கூட்டிவாருங்கள். உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் குருசாமியும் ஒரு கை பிடிக்கட்டும்.

இதைத் தேனி பஸ் டிரைவர் கையில் கொடுத்து ரயிலடித் தபால் பெட்டியில் போடச் சொல்கிறேன். நாளை மறுநாள் தண்ணீர் முறை முடிந்ததும் நானே புறப்பட்டு வருகிறேன். நம் இருவரில் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றால் நான் வெளியே மரத்தடியில் இருந்துகொள்கிறேன்.

ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
தை 5

தங்கச்சி ராமுத்தாய்க்கு,

மயிலாடும்பாறை முகவரிக்கு மாயக்காள் சொல்ல, பாண்டியம்மாள் எழுதுவது. அங்கே நீயும் உன் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் பிள்ளையும் இருக்கிறோம்.

பதினாறாம் நாள் முடிந்ததும் உன் அப்பா உன்னைக் கூட்டிப் போய்விட்டார். வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. பேச வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

உனக்குக் கடிதம் போட்ட மறுநாளே அவருக்கு நடுக்கம் கண்டது. இந்தத் தடவை இடது பக்கம். சாராள் ஓடி வந்தாள். டாக்டரும் வந்தார். அந்த நம்பர் மாத்திரையைக் கொடுத்தார்கள். வாந்திகூட எடுக்கவில்லை, அப்படியே விழுங்கினார். எடுபடவில்லை. ரப்பர் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். கார்த்திகை இருபத்தைந்து காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, "சின்னவ எங்க?" என்றார். "நடவுக்குப் போயிருக்கா" என்றேன். "அவ கை கெட்டி" என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

நீ வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். ஊருக்குப் போகாமல் மதுரையிலேயே தங்கியிருந்த அண்ணன் கேட்கவில்லை, அன்று சாயங்காலமே அங்கேயே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் முகத்தை உனக்குக் காட்ட முடியாமல் போனது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் செம்பையும் பாயையும் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது. குருசாமி படித்தார். பாதியில் போதும் என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளை இல்லாதவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அண்ணன் பேசினார். இது நாங்கள் இரண்டு பேர் நட்ட வயல், நீங்கள் வாயை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். நீ திரும்பி வா. வாசற்படியைப் பற்றி நான் முன்னால் எழுதியது எழுதாததாகட்டும்.

மாயக்காள்


மதுரை
தை 21

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி ராமுத்தாய் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் உடம்புக்குச் சுகமாக இருக்கிறேன். உங்களுக்கும் செல்வமணிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. உங்கள் கடிதம் மயிலாடும்பாறைக்குப் போய், அப்பா திருப்பி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்தது. மதுரை என்று பார்த்ததும் திகைத்திருப்பீர்கள். சொல்கிறேன்.

அப்பா வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. கஞ்சி காய்ச்சினால் பாதியில் எழுந்துவிடுவேன். தெரு முனை வரை போவேன், திரும்புவேன். அண்ணி பார்த்துவிட்டு, "இவளுக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்று மந்திரிக்க ஆள் தேடினாள். அதற்குள் நான் ஆண்டிபட்டிக்கு நடந்து வந்து ரயில் ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று ஏறும்போது தெரியாது. இறங்கியதும் கால் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

நான் உங்களிடம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாராளிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "உக்கார வச்சிருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ரெண்டாவது தடவை வந்தா பாதிப் பேருக்கு மேல நிக்கிறதில்ல. யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. என்னிடமும் அவர் கெஞ்சினார். மூன்று வருடப் பழக்கம், நான் பயந்துகொண்டு முறைப்படியே நின்றேன். உங்களிடம் கெஞ்சியது பதினெட்டு வருட மனுசன். எனக்கு இருந்த கெட்டி உங்களுக்கு வராது. அவர் கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாரே, அது என்னிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

சாராள் சொல்லி என்னை வார்டில் ஆயா வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். மாசி அறுப்புக்குக் கட்டாயம் வருகிறேன். அங்கேயே இருந்துவிடுவேனா, திரும்பி வருவேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. ஆனால் வாசற்படியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வார்டுக்கு வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வருசநாட்டிலிருந்து கர்ணன் என்று ஒருவரைக் கொண்டு வந்திருக்கிறார்கள். தேக்கு வெட்டும்போது மரம் சாய்ந்து இடுப்பு எலும்பு போய்விட்டது, விலாவிலும் அடி. மல்லாந்து கிடந்தார். முகமெல்லாம் வேர்வை. மூச்சு மேலோடு மேலாக ஓடியது. அவர் சம்சாரம், சின்னப் பெண், விசிறிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் கண்ணசந்தாக. எழுப்பாதீக" என்றது.

"தூங்கட்டும் ஆத்தா. உக்காந்துக்கிட்டுத் தூங்கட்டும். நீ அங்கன பிடி."

"வலிக்குதுன்னு அழுகுறாகளே."

"அழட்டும். விடாதே."

இரண்டு பேரும் தூக்கினோம். அவர் என்னையும் என் வம்சத்தையும் வைத்துத் திட்டினார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தலையணையை விலாவில் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். முதலில் பயந்தது. பிறகு அழுத்திப் பிடித்துக்கொண்டது.

இருமினார் அக்கா. அடிநெஞ்சிலிருந்து இருமினார்.

இப்படிக்குத் தங்கள் தங்கச்சி,
ராமுத்தாய்